வேலு எட்டாம் அத்தியாயத்தில் நின்றபோது

குழந்தைகளுக்குக் கதை எழுத வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே குறையைச் சொன்னீர்கள். நாவல் பாதியில் நின்றுவிட்டது, எப்படித் தள்ளினாலும் நகரவில்லை என்று. ஒருவர் தான் எழுதிய பதினோரு அத்தியாயத்தையும் கிழித்துப் போடப்போவதாகச் சொன்னார். கிழிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுத்து இதைப் படியுங்கள். வாயால் சொன்னால் நடுவில் இருமல் வந்துவிடுகிறது, அதனால் எழுதித் தருகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆணி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்று ரயிலில் அந்தப் பக்கம் போனால் வரிசையாகப் புகைபோக்கிகள் தெரிகின்றன. நான் சேர்ந்தபோது வேலிக்காத்தான் புதருக்கு நடுவே இரண்டு மூன்று தகரக் கொட்டகைகள் இருந்தன, அதில் ஒன்று எங்களுடையது. அந்த வேலையில் இருந்துகொண்டே சிறுவர் இதழ்களுக்கு ஒன்பது தொடர்கதை எழுதினேன். ஒன்பதையும் முடித்தேன். இதைத் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். ரொம்ப அடக்கமாகச் சொன்னால் நான் சொல்லவரும் விஷயத்தையும் நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஆனால் நடுவில் நின்றவையும் உண்டு. அதில் ஒன்று நன்றாக நின்றது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். என் முதல் தொடர் சின்னது, ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. அதைப் போட்ட வார இதழின் ஆசிரியர், "பதினைந்து வாரம் வருகிற மாதிரி ஒரு நாவல் எழுத முடியுமா?" என்று கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டைக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினேன். டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு இரண்டு தடவை காட்டினேன், முதல் தடவை அவர் சரியாகப் படிக்கவில்லை என்று தோன்றியதால்.

எழுத எனக்கு இரண்டு இடம். காலையில் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் பாசஞ்சர், அப்புறம் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆணி மூட்டைக்குக் கட்டுகிற சீட்டுகளில் அச்சு கெட்டதை ஒதுக்கிவிடுவார்கள். அதன் பின்பக்கம் சுத்தமான வெள்ளை. ஒரு சீட்டுக்கு இரண்டு பத்தி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் எடுத்தெழுதி என் மகள் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்கு அப்போது பத்து வயது. அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா வாராவாரம் என் தொடரை வகுப்பில் படித்துக் காட்டுவார். அதனால் கஸ்தூரி தெருவில் நடக்கிற நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

கதை இதுதான். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் வேலு என்று ஒரு பையன். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அப்பா காலில் அடிபட்டுப் படுத்துவிடுகிறார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. வேலு விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் போகிறான். மீன் அதிகம் விழுகிற இடமாகப் பார்த்து வலை கட்டுகிறான். படகு கொள்ளாத அளவுக்கு மடவை மீனோடு திரும்புகிறான். ஊரே கரைக்கு ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறது.

அதை எழுதி முடித்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே கண்ணில் தண்ணீர் வருகிற இடத்தை இன்னொரு தரம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அது இப்போது தெரிகிறது.

நான்காம் அத்தியாயத்தில் புயல். வேலு வென்றான். ஐந்தில் காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்தான். ஆறிலும் ஏழிலும் கள்ளக்கடத்தல்காரர்கள். வேலு அவர்களையும் பிடித்துக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஊர் அவனைத் தோளில் தூக்கியது. ஏழாவதைத் தபாலில் போட்டுவிட்டு எட்டாவதற்கு உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. எல்லோரும் வேலுவோடு நல்லபடியாக இருக்கிறார்கள். வேலுவுக்கும் யாரிடமும் ஒரு குறையும் இல்லை. இன்னும் எட்டு வாரம் பாக்கி இருக்கிறது.

ஒரு வாரம் தவறியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏரியில் ஒரு முதலையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன்.

"நைனா, முதல எங்கேர்ந்து வந்துச்சி?"

"ஏரியிலேர்ந்துதான்."

"ஏழு வாரமா அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?"

முதலையைக் கிழித்துப் போட்டேன். வேலுவுக்கு ஒரு மாயக் கிளிஞ்சல் கொடுத்துப் பார்த்தேன். கஸ்தூரி ஒன்றும் கேட்கவில்லை, கொட்டாவி விட்டாள். கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கார்டு காத்திருந்தது. ஆசிரியரின் எழுத்து. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, பத்திரிகையின் பெயரையும். அவர் அதிகம் பேசாத மனிதர், கார்டிலும் அப்படித்தான். "எட்டாம் அத்தியாயம் அடுத்த வெள்ளிக்கிழமைத் தபாலில் என் மேஜைக்கு வர வேண்டும். இல்லையென்றால் ஏழாம் அத்தியாயத்தின் அடியில் 'முற்றும்' போட்டுவிட்டு வேறொருவர் கதையைத் தொடங்குகிறேன்."

கஸ்தூரி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள். "நின்னுடுமா நைனா?" என்றாள். "டீச்சர்கிட்ட இன்னா சொல்றது?"

ஒரு எழுத்தாளனுக்கு அதைவிடக் கடுமையான கடிதம் வேறு யாரும் எழுத முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. விஷயம் எப்படியோ எனக்கு முன்பே கம்பெனிக்குள் போயிருந்தது. என் வாய்தான் கொண்டுபோயிருக்கும், ரயிலில் இரண்டு பேரிடம் புலம்பினேன். டைம் ஆபீஸ் கிளார்க் என் அட்டையில் முத்திரை குத்திக்கொண்டே, "எட்டாங்கிளாஸோட நின்னவரு, எட்டாம் அத்தியாயத்துலயும் நின்னுட்டாரு. ராசி அப்டி" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

மத்தியானம் முனுசாமி என் பக்கத்தில் வந்து டிபன் டப்பாவைத் திறந்தான். முனுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரன், எங்கள் கம்பெனியில் மிஷின் செட்டர். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, மீன்பிடிக்கப் போகாமல் இரும்பு வேலைக்கு வந்தவன். அவன் ஊரைக் கேட்டுத்தான் வேலுவின் ஊரை எழுதினேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் ஒரு வார்த்தை அவனைக் கேட்கவில்லை. சின்ன வயதில் ஒரு தடவை பழவேற்காட்டுக்குப் போய் ஏரியைப் பார்த்திருந்தேன், அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

"இன்னா வாத்தியாரே, மூஞ்சி இஸ்த்துக்கினு கீது?" என்றான். நான் எழுதுகிறவன் என்பதால் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவான்.

கார்டைக் காட்டினேன். படித்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நின்னா நிக்கட்டும்பா. எங்க ஊரு புள்ளைங்க மூணாவது வாரத்தோட உட்டுட்டாங்க உன் கதைய" என்றான்.

நான் டப்பாவை மூடினேன். "உட்டுட்டாங்களா? ஏன்?"

"எங்க அக்கா பொண்ணு அஞ்சலதான் படிச்சிக் காட்டும், பத்துப் பதினஞ்சு குந்திக்கினு கேக்கும். மூணாவது வாரத்துல பொஸ்தகத்த மூடி வச்சிட்டுது. உன் வேலு திருடன்பா."

"திருடனா! அப்பன் படுத்துக் கிடக்கிறான், வீட்டில் சோறில்லை, தனியாக முகத்துவாரம் வரைக்கும் போன பிள்ளை..."

"போனான் சரி. அது எவன் பாடுன்னு கேட்டானா?"

எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து முனுசாமிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "பாடு இன்னான்னே தெரியாதா உனக்கு? தெரியாமயா ஏழு வாரம் ஏரில வலைய கட்டிக்கினு இருந்த?"

பிறகு சொன்னான். ஏரியில் மீன் விழுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை, சில இடத்தில் வலை நிறையும், சில இடத்தில் சேறுதான் வரும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன பாட்டில் இன்ன வீட்டுக்காரர்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை மாறி மாறி வரும். உன் நாள் இல்லாதபோது நீ வலை கட்டினால், அந்த நாள்காரன் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறாய் என்று அர்த்தம்.

"அப்டி எவனாவது பண்ணா தோள்ல தூக்க மாட்டாங்க வாத்தியாரே. வலைய புடுங்கி அம்மன் கோயில்ல வச்சிடுவாங்க."

நான் வாதாடினேன். "சரி, மூன்றாம் அத்தியாயம் தப்பு. நான் நிற்பது எட்டாம் அத்தியாயத்தில். அதற்கு இதுவா மருந்து?"

முனுசாமி மிஷின் பக்கம் கையைக் காட்டினான். ஆணி மிஷின் சிக்கிக்கொண்டால் புதிதாக வந்தவன் சுத்தியலை எடுத்து அதன் வாயில்தான் தட்டுவான். முனுசாமி வாய்ப் பக்கமே வரமாட்டான். நேராகப் பின்னால் போய்க் கம்பிச் சுருளைக் கையால் தடவிப் பார்ப்பான். எங்கேயோ ஒரு முறுக்கு இருக்கும். இதை நான் தினம் பார்த்தவன். அவன் கை காட்டியதும் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபம்தான் வந்தது.

"நாளிக்கி எங்க அக்கா ஊட்டுக்குப் போறேன். வரியா?" என்றான். "நீதான் கத எழுதுனவன்னு சொல்ல மாட்டேன். சொன்னா சோறு போடாது அந்தப் பொண்ணு."

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து பஸ், பழவேற்காட்டிலிருந்து படகு. குப்பத்தில் இறங்கியபோது மணி பத்து இருக்கும். காற்றே இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் மீன் துள்ளுவது எனக்கே தெரிந்தது. முனுசாமியின் அக்காள் புருஷன் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் வேறு இரண்டு படகுகள் வலையோடு நின்றன.

முனுசாமியின் அக்காள் எல்லம்மா எங்களுக்குச் சோறு போட்டார். போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நாளான்னிக்கி வந்திருக்கக் கூடாதா தம்பி? எறா கொயம்பு வச்சிருப்பேன். இன்னிக்கி நம்ப நாளு இல்ல. கருவாடுதான் கீது."

"அதனாலென்ன அக்கா" என்றேன். பிறகு, கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்: "மீன் இப்படித் துள்ளுகிறதே, அவர் ஒரு வீசு வீசி நாலு மீன் எடுத்தால் யாருக்குத் தெரியும்?"

எல்லம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கோபமில்லை. அவருக்கு நான் ஏதோ அசலூரிலிருந்து வந்த விவரமில்லாத பிள்ளை, அவ்வளவுதான்.

"அதோ நிக்குதே ரெண்டு படகு, அந்த ஊட்டுல நாலு நாளா கஞ்சிதான் குடிச்சிக்கினு இருந்தாங்க. இன்னிக்கிதான் அவங்களுக்கு எறா."

ஏரியைச் சுற்றி வீடு. ஏரி நிறைய மீன். விருந்தாளிக்குக் கருவாடு. அந்தத் தட்டின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தபோது, மூன்றாம் அத்தியாயத்தில் என் வேலு வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டதை நினைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் யாரோ ஒருத்தர் வீட்டில் இலை போடவில்லை. அது யார் வீடு என்று எழுதியவனுக்கே தெரியாது.

அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி வயதுதான். நான் மெதுவாகக் கேட்டேன்: "நீ கதையெல்லாம் நல்லா படிப்பியாமே? ஏரிக்கரை வேலு கதை படிச்சியா?"

"படிச்சேன். உட்டுட்டேன்."

"ஏம்மா?"

"அந்தக் கத எழுதுனவரு ஏரியே பாக்காதவரு. பாத்திருந்தா செல்லி ஊட்டப் பத்தி எழுதியிருப்பாரு."

செல்லி என்பது என் கதையில் வேலுவின் வகுப்புத் தோழி. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி வருவாள், மாங்காய் கடித்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவளை நானே மறந்துவிட்டேன்.

"செல்லி வீட்டுக்கு என்ன?"

"அன்னிக்கி பாடு யாருதுன்னு எழுதலியே. அப்போ செல்லி ஊட்டுதா இருந்தா? அவ இன்னா துன்னுவா?"

முனுசாமி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டான்.

பஸ் ஏறித் திரும்பினோம். தம்பி, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கையில் இருப்பது மூன்று நாள். புதன்கிழமை தபாலில் போட்டால்தான் வெள்ளிக்கிழமை போய்ச் சேரும். மூன்றாம் அத்தியாயம் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது, அதை யாரும் திருத்த முடியாது. எனக்கு முன்னால் வழிகள் இருந்தன. பேசாமல் விட்டுவிடலாம், தமிழ்நாட்டில் மற்ற பிள்ளைகளுக்குப் பாடு என்றால் என்னவென்றே தெரியாது, ஒரு குப்பத்துப் பதினைந்து பிள்ளைகள் போனால் போகட்டும். அல்லது மூன்றாம் அத்தியாயம் வேலு கண்ட கனவு என்று எழுதிவிடலாம். இந்த இரண்டாவது யோசனை முந்தின நாள் கவரைப்பேட்டைக்காரர் ஒருவர் ரயிலில் சொன்னது, அவருக்கு இப்போதும் என் நன்றி, ஆனால் அது கோழைத்தனம்.

எனக்குத் திரும்பத் திரும்ப ஒன்றுதான் மனதில் வந்தது. தப்பு செய்தது நான். ஆனால் கதைக்குள் அதைச் செய்தவன் வேலு. அப்படியானால் அவனுக்கே அது தெரியட்டுமே.

திங்கட்கிழமை பாசஞ்சர் பொன்னேரியை விட்டதும் எழுத ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்க மறந்திருப்பேன், பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்புகிற மாதிரி உலுக்கினார். எட்டாம் அத்தியாயத்தில் வேலு, செல்லியின் வீட்டுக்கு எதற்கோ போகிறான். அவள் அம்மா பேச்சுவாக்கில் சொல்கிறாள், போன மாதம் எங்கள் நாளில் முகத்துவாரத்துப் பாட்டில் ஒரு மீன்கூட விழவில்லை, யார் கண் பட்டதோ என்று. எந்த நாள் என்று வேலு கேட்கிறான். அவள் சொல்கிறாள். அது அவன் விடியற்காலையில் போன நாள். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கியவர்களில் செல்லியின் அப்பாவும் ஒருவர். முகத்துவாரத்தில் பிடித்தது என்று வேலு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. செல்லி உள்ளே இருந்து, "வேலு, மாங்கா வோணுமா?" என்கிறாள். அத்தியாயம் அங்கே முடிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கஸ்தூரிக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சொல்லிடுவானா நைனா?"

"தெரியலம்மா."

"சொல்லிடச் சொல்லு. இல்ல... வோணாம், இரு."

புதன்கிழமை தபாலில் போட்டேன். கூடவே ஆசிரியருக்கு ஒரு கடிதம்: மூன்றாம் அத்தியாயத்தில் நான் விவரம் தெரியாமல் தவறு செய்துவிட்டேன், அந்தத் தவறைத்தான் இப்போது கதையாக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளவும் என்று. ஏழு வாரம் சூரனாக இருந்த பையனைத் திருடன் ஆக்கினால் அவர் என்ன சொல்வாரோ என்று பத்து நாளும் வீட்டுக்கு வந்ததும் முதலில் தபால் வந்ததா என்றுதான் கேட்டேன். கார்டு வந்தது. "தொடருங்கள். உங்கள் கடிதம் வராமலிருந்தால் முதலிலிருந்தே திட்டமிட்டதென்று நினைத்திருப்பேன். வாசகர்களும் அப்படியே நினைக்கட்டும்."

அப்படியே நினைத்தார்கள். மூன்றாம் வாரத்தில் போட்ட முடிச்சை எட்டாம் வாரத்தில் அவிழ்த்த சாமர்த்தியத்தைப் பாராட்டிக் கடிதம் வந்தது. இத்தனை வருஷம் நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்: சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பத்து வயதுப் பெண் புத்தகத்தை மூடிவைத்த இடத்துக்குத் திரும்பிப் போனேன், அவ்வளவுதான்.

கதை பாதியில் நின்றால் நீங்கள் பார்ப்பது முன்னால். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று. நான் பின்னால் பார்க்கச் சொல்கிறேன். எங்கேயோ ஒருவருக்கு நீங்கள் ஏதோ செய்துவிட்டு மறந்திருப்பீர்கள். பிற்பாடு எழுதிய ஒரு தொடரில் திருவாலங்காட்டு ரயிலடியில் கோபால் என்ற பையனை, "இங்கேயே இரு, வந்துவிடுகிறேன்" என்று அவன் அண்ணன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகிறான். ஐந்து வாரம் கழித்துக் கதை நின்றபோது நான் நாலு பக்கமும் தேடினேன். அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகச் சிறுமி எழுதினாள்: "ஐயா, கோபாலுக்குப் பசிக்காதா?" பாவம், பிள்ளை பெஞ்சிலேயே இருந்திருக்கிறான். அவனை எழுப்பிவிட்டதும் கதையும் எழுந்து நடந்தது.

வேலுவுக்கு வருகிறேன். எட்டாம் வாரத்துக்குப் பிறகு எனக்கு எழுத ஆணி மூட்டைச் சீட்டு போதவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று வேலு நான்கு வாரம் தவித்தான். அஞ்சலை மறுபடியும் புத்தகத்தைத் திறந்துவிட்டாள் என்று முனுசாமி சேதி கொண்டுவந்தான். அவள் படிக்கிற இடத்தில் இப்போது பெரியவர்களும் வந்து நிற்கிறார்களாம். பன்னிரண்டாம் வாரத்தில் வேலு ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னான். பதினைந்தாம் அத்தியாயம், தீர்ப்பு. ஊர் அவன் நேர்மையைப் பாராட்டி மன்னித்துவிடுகிறது என்று எழுதி, உறையில் போட்டு, முகவரியும் எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் முனுசாமி அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு வாங்கிப் படித்தான். மூஞ்சியைச் சுளித்தான்.

"மன்னிச்சிட்டாங்களா? அவ்ளோதானா?"

"வேறு என்ன? சின்னப் பையன்."

"மறுபடியும் தோள்ல தூக்கிட்ட வாத்தியாரே. எங்க ஊரு புள்ளைங்க ஒத்துக்காது. அதுங்க ஏற்கெனவே பஞ்சாயத்து வச்சி முடிச்சிட்டுதுங்க."

"என்ன முடித்தார்கள்?"

"எனுக்குத் தெரியாது. திங்கக்கெயம எய்திக்கினு வரேன்."

திங்கட்கிழமை நோட்டுத்தாள் ஒன்றை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். இறால் வாடை. அஞ்சலையின் எழுத்து, வரி மேலேறிப் போயிருந்தது. "வேலு வலையை பதினைந்து நாள் அம்மன் கோயிலில் வைக்க வேண்டும். செல்லி வீட்டுப் பாடு நாளில் வேலு அவர்கள் படகில் போய் கழி போட்டுத் தள்ள வேண்டும். அதற்கு அப்புறம் அவனை யாரும் திருடன் என்று சொல்லக் கூடாது."

ஒட்டாமல் வைத்திருந்த உறையைத் திறந்தேன். என் தீர்ப்பை எடுத்துவிட்டு அவர்கள் தீர்ப்பைப் போட்டேன். முதல் இரண்டையும் என் நடையில் கொஞ்சம் அழகாக்கினேன். மூன்றாவதைத் தொடவில்லை, ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே ஊர்ப் பெரியவர் வாயில் வைத்தேன். அந்த வரியைப் பற்றித்தான் பிற்பாடு எல்லோரும் பேசினார்கள். கஸ்தூரியின் டீச்சரம்மா அந்த வரியில் நிறுத்திப் புத்தகத்தை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். டைம் ஆபீஸ் கிளார்க் என் அட்டையில் முத்திரை குத்திவிட்டு, "முடிச்சிட்டீங்க போல" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

பிற்காலத்தில் எனக்கு மேடைகளில் துண்டு போர்த்தியிருக்கிறார்கள். ஒரு வெள்ளிக் கிண்ணம்கூட உண்டு, கஸ்தூரி வீட்டில் இருக்கிறது. ஆனால் என் பெருமை எது என்று கேட்டால் வேறு ஒன்று சொல்வேன்.

கதை முடிந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். முனுசாமி சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தான். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. தானாகவே சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"நேத்து ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊரு புள்ளைங்க மணல்ல பாடு கட்டி, சீட்டுப் போட்டு வெளாடிக்கினு இருந்துச்சிங்க. ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒரு சீட்டு. எண்ணிப் பாத்தேன், ஒரு சீட்டு ஜாஸ்தி கீது. இது எந்த ஊட்டுதுன்னு கேட்டேன்."

"யார் வீட்டது?"

"வேலு ஊட்டுது. அஞ்சல சொல்லுது, அவனும் நம்ப ஊர்க்காரன்தானே மாமா, பதினஞ்சு நாளு முடிஞ்சிடுச்சில்ல, அவனுக்கும் நாளு வோணும்ல."